ஜமீலாவுக்குள் இருந்தவர்கள்

ராபியாவைத் தலைமுடியைப் பிடித்து மாடிப்படியில் இழுத்து வருவது அன்றைய காலை வேலை. இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தார்கள். மேல்படியிலிருந்து ஒவ்வொரு படியாக இடுப்பு இடிபட்டு, கூடத்துத் தரையில் வந்து விழுந்தவளை மரகதவல்லி தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். இடது கன்னத்தில் விழுந்தது காதுவரை பரவியது. உதட்டோரம் கிழிந்து ரத்தம் தாடைக்கு வழிந்தது. சாயத் தண்ணீர் இல்லை, ரத்தம்தான். அந்தப் படப்பிடிப்பு வீட்டில் சாயத் தண்ணீர் வாங்குவதை நிறுத்தி வெகு காலமாகிறது.

“கட்” என்றார் இயக்குநர் இன்பசேகர். “பிரமாதம். அடுத்த கோணம்.”

ராபியா எழுந்தாள். உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டு மறுபடி மாடி ஏறினாள்.

தொடரில் ஓர் அறை விழுந்தால் அதை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுவது நம்மூர் வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். முன்பெல்லாம் நடிகையின் கன்னத்தில் கையே படாது. காற்றில் வீசிய கையை வெட்டி ஒட்டி, இடிச் சத்தம் சேர்த்து, ஒன்றை மூன்றாக்கிவிடுவார்கள். உணர்பட்டை வந்ததும் அந்தச் சௌகரியம் போய்விட்டது.

பட்டை என்பது பார்க்கிறவர்கள் பின்கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் விரல் அகலத் துண்டு. திரையில் இருக்கும் யாரையாவது தேர்ந்தெடுத்தால், அவர் உடம்பு படுவதில் பத்தில் ஒரு பங்கு நம் உடம்புக்கு வரும். அதற்கு ஜனங்கள் ‘உள்ளே போவது’ என்று பேர் வைத்துவிட்டார்கள். நடிக்கிறவர்கள் துணிக்கு அடியில் மெல்லிய வலை ஒன்று அணிந்துகொள்ள வேண்டும். அந்த வலை பொய் அறையைச் சீந்தாது. ஒரே அறையை மூன்று தடவை ஓட்டினாலும் பார்க்கிறவர்களின் உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது. பழசு என்று முகம் சுளிக்கிறது. ஆகவே மூன்று கோணத்துக்கு மூன்று நிஜ அறை.

தொடரின் பேர் ‘மங்கள இல்லம்’. பெரிய வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த மருமகள் ஜமீலாவாக ராபியா. அவளைப் பொழுது விடிந்து பொழுது போகிற வரைக்கும் படுத்தி எடுக்கும் மாமியார் மங்களாம்பிகையாக மரகதவல்லி. வசனத்தைக் கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் சொல்லச் சொல்ல, இவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு வேறு யாரோ ஒருத்தி ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து ஜமீலாவுக்குக் குரல் கொடுப்பாள். ராபியாவின் முத்துப்பேட்டைத் தமிழ் ஜமீலாவுக்குப் பொருந்தவில்லையாம். வலி மட்டும் அவளுடையது.

மதியச் சாப்பாட்டின்போது மரகதவல்லி தன் தட்டோடு வந்து ராபியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, ராபியா மெல்ல வேண்டியிராதபடி சின்னச் சின்னதாக ஊட்டினாள். அடித்த கைதான் ஊட்டியது. முதல் மாதத்தில் இருவரும் அதை நினைத்து அழுதிருக்கிறார்கள். இப்போது பழகிவிட்டது. எந்தக் கறி நன்றாக இருக்கிறது, மரகதவல்லியின் பேத்திக்கு எப்போது பல் முளைக்கும் என்றுதான் பேச்சு போகும். அன்றைக்கு மட்டும் ராபியா, இடது காதுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்றாள். மரகதவல்லியின் கை பாதியில் நின்றது.

“டாக்டர் என்னத்தா சொன்னாரு?”

“இன்னும் ரெண்டு மூணு விழுந்தா சவ்வு கிழிஞ்சுடுமாம். அப்புறம் அந்தக் காது அவ்வளவுதானாம்.”

மரகதவல்லி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் ராபியா ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்கலாம். கேட்பது சுலபம். சனிக்கிழமைகளில் படப்பிடிப்பு வீட்டு வாசலில் புர்கா அணிந்த பெண்கள் குழந்தைகளோடு வந்து நிற்பார்கள். ராபியாவைக் கட்டிக்கொண்டு, எட்டு மணித் தொடரில் நம்மவள் ஒருத்தி நாயகி என்று சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், இத்தனை வருஷம் எங்கள் வாசற்படி மிதிக்காதவள், போன வாரம் வந்து எங்கள் உம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஜமீலாவுக்குள் போயிருந்தாளாம் என்று ஒருத்தி சொன்னாள். இதைக் கேட்ட பிறகு ஒரு காதைப் பற்றி எப்படிப் பேசுவது? ராபியாவுக்கு அந்தக் கட்டிப்பிடிப்பு வேண்டியிருந்தது. அதற்காக அவள் எதையும் தாங்கத் தயாராக இருந்தாள், இந்த வாரம் வரைக்கும்.

இந்த வாரம் இன்பசேகர் கதையை ஒரு படி ஏற்றினார். அடுத்த திங்கட்கிழமை ஜமீலாவின் தொடையில் தோசைத் திருப்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு வைப்பார்கள். மூன்று கோணம்.

ராபியா நேரே அவர் அறைக்குப் போனாள். அங்கே ஜெபசிங்கும் இருந்தான். வலை அனுப்புவதைத் திரையில் பார்த்து, ஒளிபரப்பானால் என்ன எண் வரும் என்று முன்கூட்டியே கணக்கிடும் பையன் அவன், மார்த்தாண்டத்துக்காரன். சூட்டுக்குச் சம்மதிக்க மாட்டேன் என்றாள் ராபியா. ஒரே ஒரு அத்தியாயம், ஜமீலா அடி வாங்காமல், சும்மா உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, தோழியோடு எதையாவது பேசிச் சிரிக்கிற மாதிரி வைத்தால் குடி முழுகிவிடுமா என்று கேட்டாள்.

இன்பசேகர் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவு. அவள் உதட்டுக் காயத்தைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. உட்காரச் சொன்னார்.

“இதுக்கு முன்னாடி தொடர்ல உங்காளுங்க என்னவா வந்தாங்க, சொல்லும்மா? பிரியாணிக் கடை பாய். இல்லன்னா குண்டு வைக்கிறவன். கறுப்பா ஒரு பொண்ணு வந்தா அவ காபி கொண்டுவந்து வச்சுட்டுப் போயிடுவா. திருநங்கை வந்தா நாலு பேர் சிரிக்கணும். ஆணையம் வந்துதான அதெல்லாம் மாறுச்சு?”

சின்னத்திரைச் சமத்துவ ஆணையத்தைத்தான் சொன்னார். அதை அமைத்தவர்கள் நல்லவர்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே நல்லவர்கள். எத்தனை பேர் திரையில் வந்தார்கள் என்று தலை எண்ணினால் போதாது, பார்க்கிறவர்கள் அவர்களை மனிதர்களாக மதிக்கிறார்களா என்று அளக்க வேண்டும் என்றார்கள். ஒருத்தியின் உடம்புக்குள் இருந்து பார்த்தவன் அவளை இழிவாக நினைக்க மாட்டான் என்று நம்பினார்கள். அப்படிப் பிறந்தது பரிவு எண். சிறுபான்மையினர், வயசானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் திரையில் இருக்கும்போது எத்தனை பேர் அவர்களுக்குள் போகிறார்கள், போனவர்கள் எவ்வளவு ஆழமாக உணர்கிறார்கள் என்று இயந்திரம் அளந்து தினமும் ஒரு எண் தரும். அது குறைந்தால் எட்டு மணி இடம் கைவிட்டுப் போகும்.

“தேநீர்க் காட்சிக்கு எண் வராதா?” என்றாள் ராபியா.

ஜெபசிங் தலையைச் சொறிந்தான். நோன்பு மாதத்தில் ஜமீலா கஞ்சி காய்ச்சிக் குடித்த காட்சி ஞாபகம் இருக்கிறதா என்றான். ராபியா அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். அன்றைய எண்ணைத் திரையில் எடுத்துக் காட்டினான். தரையோடு தரையாகக் கிடந்தது.

“நோன்புக் கஞ்சியில பத்துல ஒரு பங்குன்னா அது வெறும் வெந்நிதான் பாத்துக்கிடுங்க” என்றான். “சந்தோசம் அவ்வளவு தூரம் வராதுக்கா. அறையில பத்துல ஒரு பங்கும் அறைதான்.”

ராபியாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அவளை அடிக்கச் சொல்லி ஆணையம் எங்கேயும் எழுதவில்லை. யாருமே எழுதவில்லை. எல்லோரும் அவளை மதிக்கத்தான் ஆசைப்பட்டார்கள். மதிப்பை அளக்க ஒரு கருவி செய்தார்கள், அந்தக் கருவிக்கு அவளுடைய வலி மட்டும்தான் காதில் விழுந்தது.

இப்போது அந்த வலிக்கும் மவுசு குறைகிறது என்றார் இன்பசேகர். ஜனங்களுக்கு ஜமீலாவின் கன்னம் மரத்துவிட்டது. எண் மெல்ல மெல்ல இறங்குகிறது. சூடு வைக்கவில்லையென்றால் வேறு ஏதாவது புதிதாகச் செய்தாக வேண்டும்.

“அப்ப நான் திருப்பி அடிக்கிறேன்” என்றாள் ராபியா.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. இன்பசேகர் நாற்காலியில் சாய்ந்தார். விட்டத்தைப் பார்த்தார். ஜமீலா திருப்பி அடித்தால் தமிழ்நாடே எழுந்து நின்று கைதட்டும் என்று அவருக்குத் தோன்றியது. சரி என்று மேசையைத் தட்டினார்.

மரகதவல்லியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். இத்தனை நாள் நான் வைத்ததற்கு வட்டியோடு வாங்கிக்கொள் என்றாள். அறுபது தாண்டிய உடம்பு, பார்த்து அடி என்று ஒப்பனைக்காரர் சொன்னதற்கு, அவளுக்கு என்ன தெரியும் அடிக்க, கொசு அடித்த மாதிரி இருக்கும் என்று ராபியாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

திங்கட்கிழமை காலை. கூடத்தில் விளக்குகள் எரிந்தன. மங்களாம்பிகை தோசைத் திருப்பியை அடுப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு வருகிறாள். ஜமீலா அந்தக் கையைப் பிடித்து முறுக்குகிறாள், திருப்பி கீழே விழுகிறது, ஜமீலா அறைகிறாள். அவ்வளவுதான் காட்சி. உதவி இயக்குநர் பின்னாலிருந்து வசனம் கொடுத்தான். “போதும் அத்தை.” ராபியா திருப்பிச் சொன்னாள். “போதும் அத்தை.”

முதல் கோணத்தில் அவள் பயந்து பயந்துதான் அடித்தாள். எண் ஏறவில்லை என்றான் ஜெபசிங். நன்றாக அடி என்றாள் மரகதவல்லியே. இரண்டாவது கோணத்தில் ராபியா தோளிலிருந்து கையை வீசினாள். சத்தம் கேட்டது. மரகதவல்லியின் தலை ஒரு பக்கம் திரும்பியது. ராபியாவின் உள்ளங்கை எரிந்தது, அந்த எரிச்சல் அவளுக்கு இனித்தது.

ஆமாம், இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நெஞ்சுக்குள் இத்தனை காலம் கெட்டிப்பட்டிருந்த எதுவோ கைவழியாக இறங்கி வெளியே போனது. மூன்றாவது கோணத்தில் அறைந்தாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. மறு கன்னத்தில் விழுந்தது. மரகதவல்லி “ஏத்தா” என்றாள். அது வசனம் இல்லை. ராபியாவுக்குக் காதுக்குள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. முடியைப் பிடித்தாள். தன்னை எப்படிப் பிடிப்பார்களோ அப்படியே கொத்தாகப் பிடித்து, தேக்குத் தூணில் அந்த முகத்தை மோதினாள். ஏதோ முறிந்தது. மறுபடி மோதினாள். மரகதவல்லியின் வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் சேர்ந்து தரையில் விழுந்தன. கால்கள் மடிந்து அவள் சரிந்தாள். சரிந்தவளின் விலாவில் ராபியா உதைத்தாள்.

யாரும் ‘கட்’ சொல்லவில்லை. ஜெபசிங்கின் திரையில் எண் அதுவரை யாரும் பார்த்திராத உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒளிவிளக்குக்காரர் ஒருவர் ஓடிவந்து ராபியாவை இடுப்போடு தூக்கி விலக்கினார். அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். மங்களாம்பிகையின் பட்டுப்புடவையில் மரகதவல்லி கிடந்தாள். தாடை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கியது. ராபியா மண்டியிட்டு அந்தத் தாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அக்கா அக்கா என்று கதறினாள். வலை அதையும் பதிந்துகொண்டது.

அத்தியாயம் அப்படியே ஒளிபரப்பானது. வெட்டுவதற்கு இன்பசேகருக்கு மனம் வரவில்லை. மறுநாள் ஆணையத்திலிருந்து எண் வந்தது. இன்பசேகர் ராபியாவைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜமீலாவுக்குப் பூஜ்யம். சிறுபான்மைப் பெண் வன்முறை செய்பவளாகக் காட்டப்பட்டாள், இழிவான சித்தரிப்பு என்று இயந்திரம் மொத்தத்தையும் அழித்துவிட்டது. இத்தனை காலம் அடி வாங்கியபோது அவள் மரியாதையாகச் சித்தரிக்கப்பட்டாள். ஒருநாள் கை ஓங்கியதும் மரியாதை போய்விட்டது. ராபியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் காது வலித்தது.

“ஆனா தொடர் தப்பிச்சிடுச்சும்மா” என்றார் இன்பசேகர். அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் மாதிரி இருந்தது. “ஜனங்க பாதியிலயே உனக்குள்ள இருந்து வெளிய வந்துட்டாங்க. அக்காவுக்குள்ள போயிட்டாங்க. வயசான பொம்பளை, அதுவும் ஆணையத்துக் கணக்குல வர்ற ஆளு. இந்த எண்ணு எந்தத் தொடருக்கும் வந்ததில்ல.”

இனிமேல் கதை இப்படிப் போகும் என்று அவர் விளக்கினார். ஜமீலா ஜமீலாவே இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிவிட்டது. அவள் உண்மையில் மங்கள இல்லத்து ரத்தம், பேர் அபிராமி. அதாவது மங்களாம்பிகையின் நாத்தனார் பெற்ற பெண். சொத்துக்கு உரிமைக்காரி. அவள் இனி மங்களாம்பிகையைப் பழி வாங்குவாள், தினமும். அபிராமி அடித்தால் ஆணையம் கேட்காது. அபிராமி யாருக்கும் பிரதிநிதி இல்லையே.

“உனக்கும் இனிமே அடி கிடையாது. நீ கேட்டது இதுதான?” என்றார்.

ராபியா அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேரே மருத்துவமனைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான். மரகதவல்லியின் காலைப் பிடிக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து தொடரை விட்டு வெளியேற வேண்டும். இரண்டு பேரும் இல்லையென்றால் யாரை வைத்து என்ன செய்துவிடுவார்கள்?

மருத்துவமனை வராந்தாவில் நடக்க இடமில்லை. பெண்கள், வயசான பெண்கள்தான் நிறையப் பேர், பழப் பையும் பூவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ராபியாவைக் கண்டதும் பேச்சு அடங்கியது. ஒருத்தி காலை நீட்டி வழியை மறித்தாள். இன்னொருத்தி “பாவி” என்று அவள் காதுபடச் சொல்லி, புடவையில் எச்சில் துப்பினாள். ராபியா துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மரகதவல்லியின் பற்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். முகத்தின் ஒரு பாதி நாவல் பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அந்த முகம் மலர்ந்திருந்தது. அதைத்தான் ராபியாவால் தாங்க முடியவில்லை. காலில் விழப்போனவளை அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

ராபியா எல்லாவற்றையும் சொன்னாள். விட்டுவிடலாம் அக்கா, நீங்களும் நானும், இப்போதே என்றாள்.

மரகதவல்லி கம்பிக்குள்ளிருந்து மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் நசுங்கி வந்தது.

“நான் ஒத்துக்கிட்டேன்த்தா. டைரக்டரு காலையிலயே ஆள் அனுப்புனாரு.”

எழப்போன ராபியாவை மரகதவல்லி மறுபடி இழுத்து உட்காரவைத்தாள்.

“முப்பது வருசமா மாமியாரா நடிக்கிறேன். ரோட்டுல நடந்தா ஒருத்தி சிரிச்சதில்ல. காய்கறி மார்க்கெட்டுல ஒருத்தி வெளக்கமாத்தத் தூக்கிட்டு வந்தா. என் மக கல்யாணத்துல சம்பந்தி வீட்டுப் பொம்பளைக என் பக்கத்துல ஒக்காரல. இப்ப வெளிய பாத்தியா? அம்புட்டுப் பேரும் எனக்குள்ள வந்து இருந்துருக்காங்க. இந்த எலும்பு ஒடஞ்சப்ப கூடவே இருந்துருக்காங்க. என்னைய ஒரு மனுசின்னு இன்னைக்குத்தான் பாக்குறாங்க.”

“அதுக்கு அடி வாங்கணுமாக்கா?”

“வேற எதுக்கு வந்தாங்க, சொல்லு.”

ராபியா யோசித்தாள். தயிர்சாதம் ஊட்டியதற்கு யாரும் வரவில்லை. பேத்தியின் பல்லைப் பற்றிப் பேசியதற்கு யாரும் வரவில்லை. வாசலில் தன்னைக் கட்டிக்கொண்ட பெண்களும் எதற்கு வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் வர மாட்டேன்க்கா. என்னால உங்கள அடிக்க முடியாது.”

“நீ மாட்டேன்னா வேற ஒருத்தி வருவா.” மரகதவல்லி அவள் வலது கையை எடுத்துத் தன் வீங்காத கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “புது ஆளு. எங்க அடிக்கணும், எங்க அடிக்கக் கூடாதுன்னு தெரியாது. எனக்கு வயசாச்சுத்தா. தெரிஞ்ச கைன்னா தாங்கிக்கிருவேன்.”

ராபியா கையை எடுக்கவில்லை. வெளியே பெண்கள் கதவைத் தட்டி, அம்மாவைப் பார்க்க நேரமாகுமா என்று கேட்டார்கள்.

தாடை கூடியதும் படப்பிடிப்பு ஆரம்பித்தது. முதல் நாளே படிக்கட்டுக் காட்சி. ராபியா மரகதவல்லியின் முடியைப் பிடித்து, கழுத்து நொடிக்காமல் தோளை அணைத்தபடி இழுத்தாள். கூடத்துக்கு வந்ததும் ஒட்டிய எலும்பு வலப்பக்கம் என்பதை மனதில் வைத்து இடப்பக்கம் அறைந்தாள். எண் போதவில்லை. மரகதவல்லி தரையிலிருந்து நிமிர்ந்து, கண்ணாலேயே, இன்னும் கொஞ்சம் என்றாள். ராபியா இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தாள். மூன்றாவது கோணத்தில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. இன்பசேகர் எழுந்து நின்று கைதட்டினார்.

அது சனிக்கிழமை. மாலையில் வாசல் கதவைத் திறந்துவிட்டதும் கூட்டம் உள்ளே வந்தது. ராபியா பழக்க தோஷத்தில் இரண்டடி முன்னால் போய் நின்றாள். கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மரகதவல்லியை மொய்த்தது. ஆளாளுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் தோளுக்கு மேலே மரகதவல்லியின் முகம் தெரிந்தது. மூக்கில் பஞ்சு, கண்ணில் ஆனந்தம். ராபியாவின் உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எரிகிறதா என்று கேட்க அங்கே யாருமில்லை.

ஒரே ஒரு பெண் மட்டும் கூட்டத்தோடு போகாமல் தயங்கி நின்றாள். கல்லூரியில் படிக்கிற வயது. கறுப்புப் புர்கா, தோளில் புத்தகப் பை. அருகே வந்தாள், ஆனால் கைக்கெட்டும் தூரத்துக்கு வரவில்லை.

“நீங்க ஜமீலாவா இருந்தப்ப நான் தினமும் உங்களுக்குள்ளதான் இருப்பேன்க்கா” என்றாள். “அன்னிக்கும் இருந்தேன். நீங்க அந்தம்மாவ அடிச்சப்ப வெளிய வரவே தோணல. நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் பயமாயிடுச்சு. மறுநாள் காலேஜ்ல எல்லாரும் என்னையே ஒரு மாதிரி பாத்தாங்க. பக்கத்து பெஞ்சு பொண்ணு தள்ளி உக்காந்துட்டா.”

ராபியா எரியும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“இப்ப பரவால்ல. கதைய மாத்திட்டாங்கல்ல. நல்லவேளை, நீங்க எங்காளு இல்லன்னு ஆயிடுச்சு.” அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். அது நிஜமான நிம்மதி. பிறகு ஏதோ சந்தேகம் தட்டியவள் போல முகத்தை உற்றுப் பார்த்தாள். தொடரில் வருகிறவளின் சொந்தப் பேரை யார் தெரிந்துவைத்திருக்கிறார்கள்? “உங்க நிஜப் பேரு என்னக்கா?”

ராபியா அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தாள். அதில் இருந்த கலக்கத்தைப் பார்த்தாள்.

“அபிராமி” என்றாள்.